கைக்குழந்தையை இழந்த பெற்றோருக்குத் துணை நிற்பது: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில், பேறுகாலப் பிரிவுகளுக்கு வெளியே உள்ள நீண்ட நடைகளிலும் மருத்துவமனை வாசல் தேநீர்க் கடைகளிலும் குடும்பங்களோடு பேசுவது பல ஆண்டுகளாக என் வேலையாக இருந்தது. கீழே உள்ள கேள்விகளைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தையை இழந்த தாயோ தந்தையோ அல்லர். மாமியார், அண்ணி, நாத்தனார், சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா ஆகியோரே. வயிற்றிலேயே இறந்த குழந்தை, பிறந்து சில மணி நேரமோ சில வாரமோ இருந்து இறந்த குழந்தை, மாதம் நிறையாமல் கலைந்த கரு ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

துக்கம் விசாரிக்கப் போகலாமா? போனால் என்ன சொல்வது?

போக வேண்டும். பெரியவர் ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் போடுவதும், சம்பந்தி வீட்டார் கோடி எடுத்து வருவதும், பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதும், பதினாறாம் நாள் காரியமும் துக்கத்துக்கென்று ஒரு வழியைப் போட்டு வைத்திருக்கின்றன. பல் முளைக்காத குழந்தைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. காரியம் இல்லாததால் கூடுவதற்கு நாள் இல்லை. நாள் இல்லாததால் உறவினர் வருவதில்லை. வராததற்கு, "நாம போய் ஏன் நினைப்பூட்டணும்" என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அவள் மறந்திருந்தால் அல்லவா நினைப்பூட்ட முடியும்.

"கேள்விப்பட்டேன் கண்ணு, மனசு தாங்கல" என்பது போதுமான பேச்சு. அதற்குப் பிறகு பேச்சு வராவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவளே பேசத் தொடங்கினால், "யார் சாயல்? முடி நிறைய இருந்துதா?" என்று கேட்கலாம். இப்படிக் கேட்பது புண்ணைக் கிளறுவதாகும் என்று அஞ்சுவோர் பலர். ஆனால் என்னிடம் பேசிய தாய்மாரில் பலர், அந்தக் கேள்வியை முதல்முதலாகக் கேட்டவரின் பெயரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் சொன்னார்கள்.

சொல்லக்கூடாதவை இருக்கின்றன. "இன்னொண்ணு பெத்துக்கலாம், சின்ன வயசுதானே" என்பது, இறந்தது மாற்றி வாங்கக்கூடிய பொருள் என்பதுபோல ஒலிக்கும். "பொம்பளப் புள்ளதானே" என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவது வீட்டில் உள்ள மூத்தவரின் கடமை. எல்லாவற்றிலும் கொடியது, நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் "நல்லவேளை, முகம் பழகறதுக்குள்ள போயிடுச்சு" என்பதுதான். எட்டு மாதம் அந்தக் குழந்தையின் தூக்கம், விழிப்பு, விக்கல் எல்லாம் அவளுக்குப் பழக்கம்; பழகாதவர்கள் நாம்.

பேச்சைவிட வேலை செய்வது நல்லது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு தெருவில், ஏழாம் மாதத்தில் குழந்தையை இழந்த பெண் ஒருத்தி மூன்றாம் நாளே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை வாங்கி வந்தாகிவிட்டது, திருப்பிக் கொடுக்க வேண்டிய கணக்கு இருக்கிறது. அன்று மாலை தெருவில் நான்கு பெண்கள் அவளுடைய இலையையும் தூளையும் பங்கு போட்டு எடுத்துப்போய், இரண்டு வாரம் அவள் பெயரில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒருவரும் ஆறுதல் வார்த்தை சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அந்தக் கட்டுகளின் எண்ணிக்கை மட்டும் நினைவிருக்கிறது.

இறந்த குழந்தையைத் தாயிடம் காட்டலாமா?

அவளிடம் கேளுங்கள். அவள் மயக்கம் தெளிவதற்குள் குழந்தையை எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்து, "முடிஞ்சிடுச்சும்மா" என்று சொல்வதை இரக்கம் என்று நம் குடும்பங்கள் நம்புகின்றன. பிறகு அவள் ஆண்டுக்கணக்காகக் கேட்கப் போகும் கேள்விக்கு அந்த இரக்கத்தால் பதில் சொல்ல முடியாது. பார்க்க மாட்டேன் என்று அவள் சொன்னால் வற்புறுத்தக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை கேட்டு, அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பார்க்க விரும்பினால், என்ன பார்க்கப் போகிறாள் என்பதை முன்கூட்டியே செவிலியர் சொல்வது அவசியம்: உதடுகள் கறுத்திருக்கலாம், தோல் உரிந்திருக்கலாம், உடல் குளிர்ந்திருக்கும். துணியில் சுற்றிய குழந்தையை யாராவது ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, முதலில் விரல்களையும் பாதங்களையும் காட்டி, பிறகு அவள் கேட்டால் முகத்தைக் காட்டலாம்.

கைபேசியில் ஒரு படம் எடுத்து, அவள் கேட்கும்வரை அண்ணனிடமோ சித்தியிடமோ வைத்திருக்கலாம். கைநாட்டு வைக்கும் மை போதும், பாத அச்சு எடுக்க. காகிதம் இல்லை என்று ஒருமுறை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எடுத்தோம். அந்தச் சீட்டு இன்று ஒரு வீட்டில் பீரோவுக்குள் பட்டுப் புடவை மடிப்பில் இருக்கிறது. பேறுகாலப் பிரிவுகளில் இதற்கென்று நேரம் ஒதுக்குவதில்லை என்பது உண்மை. உறவினர் கேட்டால் பெரும்பாலான செவிலியர் மறுப்பதில்லை என்பதும் உண்மை.

அடக்கம் செய்வதற்கு என்ன முறை?

இந்துக் குடும்பங்களில் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். ஊர்ச் சுடுகாட்டில் ஒரு மூலையிலோ சொந்த நிலத்தின் ஓரத்திலோ ஆண்கள் இருவர் மூவர் போய் வேலையை முடித்துவிடுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதி முஸ்லிம் குடும்பங்களில், நான்கு மாதம் கடந்த கருவுக்குப் பெயர் வைத்து, குளிப்பாட்டி, துணி சுற்றி அடக்குவது பொதுவாக ஏற்கப்பட்ட முறை. தொழுகை பற்றி மத்ஹபுகளுக்குள் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுக்குள்) வேறுபாடு இருப்பதால் பள்ளிவாசல் இமாமைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆயர் வந்து செபிக்க வேண்டும் என்று விரும்பினால் தயங்காமல் அழைக்கலாம்.

அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுசெல்ல இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. இதைச் சொல்வதற்குக் காரணம், துணியில் சுற்றிய குழந்தையைக் கட்டைப்பையில் வைத்து மடியில் இருத்திக்கொண்டு, பக்கத்தில் உள்ளவருக்குத் தெரியாமல் பேருந்தில் ஊர்போன தகப்பன்மாரை நான் அறிவேன். அணைக்கட்டு ஒன்றியத்து மலைக்கிராமங்களுக்கு ஊர்தி எவ்வளவு தூரம் போகும், மீதித் தொலைவுக்கு யார் வர வேண்டும் என்பதையும் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். புதைத்த இடத்தில் ஒரு கல்லையோ ஒரு செடியையோ வையுங்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை என்ற வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அவள் இடத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவதற்கு உங்களிடம் இடம் இருக்க வேண்டும்.

குழந்தை இல்லை, ஆனால் பால் கட்டுகிறது. என்ன செய்வது?

இதைப் பற்றி முன்னரே யாரும் எச்சரிப்பதில்லை என்பதால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலையில் இரவிக்கை நனைந்திருப்பதைக் கண்டு அலறிய பெண்கள் பலர். நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதுவரை பாலைத் தடுத்துவைத்திருந்த ஹார்மோன் குறைகிறது. குழந்தை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது மார்புக்குத் தெரியாது. நான்கு, ஐந்து மாதத்தில் கரு கலைந்தாலும் பால் வரக்கூடும்.

மார்பைக் கசக்கிப் பால் எடுப்பதும் சுடுநீர் ஊற்றுவதும் சுரப்பைக் கூட்டும். பொருத்தமான உள்ளாடை, குளிர்ந்த ஈரத்துணி, வலிக்குப் பாராசிட்டமால் என்று இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். தாங்க முடியாத அளவுக்குக் கட்டிக்கொண்டால், அழுத்தம் குறையும் அளவுக்கு மட்டும் சிறிது பீய்ச்சிவிடலாம். சேலைத் துணியால் இறுக்கிக் கட்டும் பழைய முறை வீக்கத்தையும் சீழையும் கொண்டுவரக்கூடும். பாலை நிறுத்த மாத்திரை உண்டு; ஆனால் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்த தாய்மாருக்கு அது ஏற்றதன்று என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சலும், ஒரு பக்கம் சிவந்து கல்லாய் இறுகுவதும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மல்லிகை வைத்துக் கட்டும் வழக்கம் பற்றியும் கேட்கிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. குண்டுமல்லியைச் சரமாக்கி மார்பில் ஒட்டிவைப்பதைப் பால் நிறுத்தும் மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 1988இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. இரத்தத்தில் பால்சுரப்பு ஹார்மோனைக் குறைப்பதில் மருந்து முந்தினாலும், வீக்கமும் பாலும் வலியும் குறைந்ததில் இரண்டும் சமமாகவே இருந்தன. என் தயக்கம் வேறு. வளைகாப்பு நாளில் தலை நிறைய வைத்த அதே பூவை இப்படி வைக்க எல்லாப் பெண்களுக்கும் மனம் வராது. அவளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தன் பாலை வேறு குழந்தைக்குக் கொடுக்க விரும்பும் தாய்மாரும் உண்டு. தாய்ப்பால் வங்கி உள்ள மருத்துவமனைகளில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வேலூரிலேயே இருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரயிலேறி காட்பாடியில் இறங்கி மருத்துவத்துக்கு வருகிறார்கள். உள்ளூர்க்காரருக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. இந்த ஊரின் மருத்துவப் பெருமையே பிள்ளைப்பேற்றுச் சாவோடு பிணைந்தது. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் வேலூருக்கு வந்து, இன்று சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) என்று அழைக்கப்படும் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று இறந்த தாய்மாரைப் போன்றவர்களில் பெரும்பாலோரை இன்று காப்பாற்ற முடிகிறது. வயிற்றுக் குழந்தையின் இறப்பு இன்னும் அந்த அளவுக்குக் கைக்குள் வரவில்லை. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, தொற்று, பிறவிக் குறைபாடு ஆகியவை தெரிந்த காரணங்கள். எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் தெரியாமல் போகும் இறப்புகள் கணிசம்.

அந்த வெற்றிடத்தில்தான் பழி வந்து உட்காருகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள், வாசற்படியில் உட்கார்ந்தாள் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் அந்தக் குழந்தையைக் கொல்லவில்லை. மாமியார் வாயிலிருந்து இந்த ஒரு வாக்கியம் வெளிப்பட்டால், மருத்துவர் பத்துமுறை சொல்வதைவிட அது மருமகளுக்குப் பயன்படும்.

சொந்தத்தில் கட்டியதால்தானா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் தர வேண்டும். தாய்மாமன், அத்தை மகன் உறவில் மணந்தவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. சில மரபு நோய்களில் மட்டும் கணவன், மனைவி இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால் ஒவ்வொரு கருவிலும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒரு குழந்தைக்குமேல் இழந்திருந்தாலோ, குழந்தையிடம் குறைபாடு தெரிந்திருந்தாலோ மரபியல் ஆலோசனை பெறுவது பயனுள்ளது; சி.எம்.சி.யில் அதற்கென்று பிரிவு இருக்கிறது. கூறாய்வுக்குக் குடும்பம் சம்மதிக்காவிட்டாலும், நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். இதைப் பிரசவ அறையிலேயே கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் அது இருக்காது.

அப்பாவுக்கு என்ன செய்வது?

"அவளைப் பார்த்துக்கோப்பா" என்பதுதான் அவனிடம் எல்லாரும் சொல்வது. படிவங்களில் கையெழுத்துப் போட்டவன், குழியில் இறங்கியவன், பணம் கட்டியவன், மாமனார் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னவன் எல்லாம் அவனே. காலணித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனாக இருந்தால் நான்காம் நாள் ஷிப்டுக்குப் போயிருப்பான். ஒருவனுடைய வீட்டில் தூளி கட்டுவதற்காக உத்தரத்தில் கொக்கி அடித்து வைத்திருந்தான். மற்றவர்கள் குழந்தைத் துணியையெல்லாம் ஒளித்தார்கள், கொக்கியை யாரும் கவனிக்கவில்லை. அவன் பாய் விரித்துப் படுக்கும் இடம் அதற்கு நேர் கீழே.

அவனைத் தனியாக அழைத்துப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்து, "உனக்கு எப்படிடா இருக்குது?" என்று கேட்க ஒரு மாமனோ ஒரு நண்பனோ போதும். அந்த அழைப்பு சாராயக் கடைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டிக்கும் மூத்த பிள்ளைக்கும்?

ஆயா இரண்டு பேருக்காக அழுகிறாள்: பேரனுக்காகவும் தன் மகளுக்காகவும். அவளும் பல ஆண்டுகளுக்கு முன் ஒன்றை இழந்து, வெளியில் சொல்லாமல் வைத்திருக்கலாம். இந்தச் சமயத்தில் அது வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூத்த பிள்ளையிடம் "பாப்பா தூங்குது", "சாமிகிட்ட போயிருக்குது" என்று சொன்னால், தூங்கப் பயப்படும், அல்லது எப்போது திரும்பி வரும் என்று கேட்கும். பாப்பா செத்துவிட்டது, உன்னால் இல்லை, அம்மா அழுவதும் உன்னால் இல்லை என்று எளிய சொற்களில் சொல்லுங்கள்.

பதிவும் விடுப்பும் உண்டா?

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் இறந்து பிறத்தலும் பதிவுக்கு உரியது. மருத்துவமனையில் நிகழ்ந்தால் தகவல் தர வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. உயிரோடு பிறந்து சில நிமிடம் இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டும் பதியப்பட வேண்டும். தாளில் அந்தப் பிறப்பு இருப்பது பல பெற்றோருக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய ஆறுதல்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் வகுத்த வரையறையில் இறந்து பிறந்த குழந்தையும் குழந்தையே. கர்ப்பத்தின் 26ஆம் வாரம் வரை நிகழ்வது கருச்சிதைவு. அதற்கு ஊதியத்துடன் 6 வாரம் விடுப்பு. அதற்குப் பிறகு நிகழ்ந்தால், குழந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் அது பிரசவமே. உயிரோடுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் 26 வாரம் விடுப்பு உண்டு. இராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல், காலணித் தொழிற்சாலைகளில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ள பெண்களுக்கும் இதே அளவுதான். "குழந்தைதான் இல்லையே, எதுக்கு லீவு?" என்று மேற்பார்வையாளர் கேட்டால், சட்டம் வேறுவிதமாகச் சொல்கிறது என்று எடுத்துச்சொல்ல யாராவது கூடப் போங்கள், அந்த நிலையில் அவளால் வாதாட முடியாது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு தரும் ஆணை 2022 செப்டம்பரில் வந்தது.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி, கர்ப்பப் பதிவில் குழந்தையின் இறப்பைக் குறிக்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒன்றரை மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வரச் சொல்லி அழைப்பு வரும். அதை எடுப்பது பெரும்பாலும் தாயாக இருப்பாள். குழந்தை இல்லாவிட்டாலும் அவள் பச்சை உடம்புக்காரிதான். 42 நாள்வரை செவிலியர் வந்து பார்க்க வேண்டியவள் என்பதையும் அப்போதே நினைவூட்டுங்கள்.

எது துக்கம், எது நோய்?

அழுவதும், இல்லாத குழந்தையின் அழுகை காதில் விழுவதும், கைகள் வெறுமையாக வலிப்பதும், தெருவில் இன்னொரு கர்ப்பிணியைக் கண்டால் உள்ளே போய்விடுவதும் துக்கம்தான். நாள் செல்லச்செல்ல இடையிடையே வெளிச்சம் வரும். வாரங்கள் கடந்தும் தூக்கமோ பசியோ திரும்பாமல், குளிக்கவும் எழுந்திருக்கவும் முடியாமல், எல்லாம் தன் குற்றமே என்ற எண்ணம் நகராமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவித்த பெண்களில் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு கசந்திருப்பதும், வீட்டுவேலைக்குக் கை உதவி இல்லாமையும் அதற்கான காரணங்களில் இருந்தன. இவ்விரண்டும் உறவினர் கையில் உள்ளவை.

சாக வேண்டும், குழந்தையிடம் போக வேண்டும் என்று அவள் சொன்னால், அதை ஆற்றாமைப் பேச்சு என்று தள்ளிவிடாமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்று அவளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த குழந்தை எப்போது?

இது உறவினர் கேட்கக் கூடாத கேள்வி. தம்பதியரே கேட்டால்: கரு கலைந்த பிறகு குறைந்தது 6 மாதம் பொறுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அறுவைப் பிரசவமாக இருந்தால் இன்னும் நீண்ட இடைவெளி தேவை, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். மீண்டும் கருவுற்றால் அவள் மகிழ்ச்சியைவிட அச்சத்தோடுதான் இருப்பாள். வளைகாப்பு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வளையலையும் துணிகளையும் என்ன செய்வது?

அவளைக் கேட்காமல் எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். ஒரு பெண்ணின் கையில் வளைகாப்பு வளையல்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகும் இருந்தன. சத்தம் கேட்டால் அவளுக்கு நினைவு வரும் என்று மாமியார் கழற்றப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். தூங்கும் நேரத்திலும் கழற்றவில்லை. பாத்திரம் விளக்கும்போது ஒவ்வொன்றாக உடைந்து, இரண்டு மிஞ்சின. அந்த இரண்டையும் அவளே ஒரு நாள் கழற்றிக் குழந்தையின் துணியோடு சேர்த்து வைத்தாள். அதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

"எத்தனை குழந்தைங்க?" என்று யாராவது கேட்டால்?

அங்கன்வாடிக் கணக்கெடுப்பிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், பேருந்தில் பக்கத்து இருக்கையிலும் இந்தக் கேள்வி வரும். ஒரு தாய் சில நாள் "ரெண்டு" என்பாள், சில நாள் "ஒண்ணு" என்பாள், கேட்பவரின் முகத்தைப் பார்த்து. இரண்டுமே சரியான பதில்கள். பக்கத்தில் இருக்கும் நீங்கள் குறுக்கே புகுந்து கணக்கைத் திருத்தாமல் இருந்தால் போதும்.